'வேண்டாம்'னு சொல்றதுக்கும் ஃபீஸ் உண்டு!

உங்க தலைக்கு மேலே இருக்கிற ஸ்லாபை ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்க. க்ளாஸ் ரூமோ, ஹாஸ்டலோ, கேன்டீனோ... எதுவா இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஸ்லாபை ஒரு பீம் தாங்குது, பீமை பில்லர் தாங்குது. இதுக்குள்ள எத்தனை கம்பி போகணும், எவ்வளவு சிமென்ட் போகணும்னு யாரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கார். அந்த 'யாரோ'க்களில் நானும் ஒருத்தி. கோயம்புத்தூரில் ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சியில் 2010-லிருந்து குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

'கன்சல்டன்சி' என்றதும் எங்க ஊர்ப் பக்கம் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "எம்பட பையனுக்கும் ஒரு வேலை பார்த்துக் குடு அம்மிணி!" அட, அந்தக் கன்சல்டன்சி இல்லீங்க இது! ஆர்க்கிடெக்ட் ஒரு கட்டடம் எப்படி இருக்கணும்னு வரைவார். கான்ட்ராக்டர் அதைக் கட்டுவார். நடுவில், 'இது நிற்குமா, நிற்க என்னென்ன வேணும்?' என்று கணக்குப் போட்டு டிராயிங் கொடுப்பது எங்க வேலை. நாங்க விற்கிறது காகிதம்தான். ஆனா, அந்தக் காகிதத்தில் ஒரு கோடு மாறினால், சைட்டில் ஒரு லாரி கம்பி கூடும் அல்லது குறையும்.

'பசுமைக் கட்டடம்' என்றதும் மொட்டை மாடியில் சோலார், வாசலில் புல்தரை, சுவரில் செடி என்றுதான் நமக்குப் படம் ஓடும். உண்மையில் மேட்டர் அதற்கு ரொம்ப முன்னாடியே, எங்க மாதிரி ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் முடிந்துவிடுகிறது. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போறேன். சிவில் படிக்கிறவங்க மட்டும் இல்லை, நாளைக்கு ஒரு வீடு கட்டப் போற எல்லோருமே படிக்கலாம்.

சதுர அடியில் அளந்த வளர்ச்சி

எங்க ஆபீஸ் 2004-ல் ஒரு மோட்டார் பம்ப் கடைக்கு மேல் மாடியில் ஆரம்பிச்சது. மூணு பேர், ரெண்டு கம்ப்யூட்டர். நான் சேரும்போது ஒன்பதாவது ஆள். இப்போ முப்பத்தி நாலு பேர். எப்படி வளர்ந்தோம்? ஊர் வளர்ந்தது, நாங்களும் வளர்ந்தோம், அவ்வளவுதான். சுயநிதிக் கல்லூரிகள் வரிசையாக முளைத்த காலம் அது. பிளாக் மேல் பிளாக்காக காலேஜ் கட்டினார்கள். அப்புறம் அபார்ட்மென்ட். அப்புறம் கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, ஃபேக்டரி ஷெட்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்க சார் பொரி பொட்டலத்தோடு ஒரு கணக்கும் கொடுப்பார். "இந்த வருசம் இத்தனை லட்சம் சதுர அடி போட்டிருக்கோம்." எல்லோரும் கை தட்டுவோம். சதுர அடி ஏறினால் வளர்ச்சி. ஏன்னா, எங்க ஃபீஸே சதுர அடிக்கு இத்தனை ரூபாய்னுதான். பெரிய ப்ராஜெக்ட்டுகளில் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசுவதும் உண்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. ஒரு டிசைனில் மண்டையை உடைத்துக்கொண்டு ரெண்டு வாரம் உட்கார்ந்து கம்பியைக் குறைத்தாலும் அதே ஃபீஸ். ரெண்டே நாளில் போன ப்ராஜெக்ட்டை காப்பி அடித்து அனுப்பினாலும் அதே ஃபீஸ். சதவீதக் கணக்காக இருந்தால் இன்னும் காமெடி. செலவைக் குறைத்தால் நம்ம ஃபீஸும் சேர்ந்து குறையும்! உலகத்தில் எந்தத் தொழிலிலாவது, நல்லா வேலை செய்தவனுக்கு சம்பளம் குறையுமா? எங்க தொழிலில் குறையும்.

2016 கடைசியில் பணமதிப்பிழப்பு, 2017-ல் ஜி.எஸ்.டி., 2020-ல் லாக்டவுன். அடுத்தடுத்து அடி. புது வேலை வராமல் கிடந்த அந்த 2020-ல்தான், எங்க சார் முதல் முறையாக சதுர அடியை விட்டுவிட்டு வேற கணக்கு போடச் சொன்னார்.

ஆயிரம் சதுர அடிக்கு என்ன விலை?

அந்தக் கணக்கை உங்களோடு சேர்ந்து போடலாம் வாங்க. கால்குலேட்டர் தேவையில்லை.

தமிழ்நாட்டு சைட்டுகளில் ஒரு கைக்கணக்கு உண்டு. ஒரு சதுர அடிக்கு சுமார் 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ கம்பி. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை சிமென்ட். மூட்டை 50 கிலோ, அதாவது 20 டன். கம்பி 4 டன்.

சிமென்ட் எப்படி செய்றாங்க? சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் கிட்டத்தட்ட 1450 டிகிரி செல்சியஸில் சூளையில் சுட்டு, 'க்ளிங்கர்' என்ற உருண்டை எடுப்பாங்க. அதை ஜிப்சம் சேர்த்து அரைச்சா சிமென்ட். சூடு ஏற்ற நிலக்கரி எரிக்கணும், அதில் வரும் கார்பன் டை ஆக்சைடு ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு அந்தக் கல்லுக்குள்ளேயே இருக்கு. சுண்ணாம்புக் கல் சுடும்போது, வேதியியல்படியே கார்பன் டை ஆக்சைடு பிரிந்து வெளியே போகும். நாளைக்கே சூளையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் இந்தப் பங்கு போகாது. உலகம் மொத்தமும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏழெட்டு சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருவதற்கு இதுதான் காரணம்.

பழைய ஓ.பி.சி. சிமென்ட் ஒரு டன் செய்தால் தோராயமாக 850 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 20 டன்னுக்கு 17 டன். கம்பிக்கு, இரும்புத் தாதுவிலிருந்து செய்தால், ஒரு டன்னுக்கு 2 டன்னுக்குக் குறையாது. அது ஒரு 8 டன். ஆக, கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்சும் முன்னாடியே அந்தச் சின்ன வீட்டின் கணக்கில் 25 டன். செங்கல், ஜல்லி, லாரி வாடகையெல்லாம் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போ ஒரே ஒரு வரியை மாற்றுவோம். ஓ.பி.சி.க்குப் பதில், அனல் மின் நிலையச் சாம்பல் 30 சதவீதம் போல கலந்த பி.பி.சி. சிமென்ட். கணக்கு 17 டன்னிலிருந்து சுமார் 12 டன்னுக்கு இறங்கும். மிச்சம் 5 டன். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்கில் ஒரு லட்சம் கிலோமீட்டர் சுற்றினால் வெளியாகும் புகை அது! உங்க காலேஜ் பைக்கை வாழ்நாள் முழுக்க ஓட்டுற கணக்கு, டிராயிங்கில் ஒரே வரி.

'அப்படின்னா ப்ராப்ளம் முடிஞ்சுதே!' என்று சொல்லாதீங்க. நம்ம ஊர்க் கடைகளில் மூட்டையாக வாங்கும் சிமென்ட்டில் பெரும்பாலும் இப்பவே பி.பி.சி.தான். அந்த லாபத்தை ஏற்கனவே எடுத்தாச்சு. அதுபோக, நிலக்கரி மின்சாரம் குறையக் குறைய சாம்பலும் குறையும். நல்ல விஷயம்தான், ஆனா சிமென்ட்டுக்கு வேற துணை தேடணும்.

அந்தத் தேடலில் நம்ம சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்கு இருக்கு. ஸ்விட்சர்லாந்து, கியூபா விஞ்ஞானிகளும் டெல்லி, மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து வேலை பார்த்து வளர்த்த சிமென்ட்டின் பெயர் 'எல்.சி.3'. க்ளிங்கர் பாதிதான். மீதியில் 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக் கல், 5 சதவீதம் ஜிப்சம். களிமண்ணை 800 டிகிரி அளவில் சுட்டால் போதும். ஓ.பி.சி.யோடு பார்த்தால் கார்பன் 40 சதவீதம் வரை குறையும். 2023-ல் இதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வந்தாச்சு, ஐ.எஸ். 18189. இனிமேல் எங்க மாதிரி கன்சல்டன்ட் தைரியமாக டிராயிங்கில் எழுதலாம். எழுதினால்தான் கடைக்கே வரும்.

பயம் எத்தனை கிலோ?

சரி, சிமென்ட்டை மாற்றலாம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கு. அவ்வளவு சிமென்ட் எதுக்கு?

இந்தியாவில் கான்கிரீட்டுக்கு பைபிள் ஐ.எஸ். 456. அதில் பாதுகாப்பு ஏற்கனவே உள்ளே வச்சிருக்காங்க. கட்டடத்தின் மேல் வரப்போகும் எடையை ஒன்றரை மடங்காகக் கணக்கில் எடுக்கணும். கான்கிரீட்டின் பலத்தை 1.5-ஆலும், கம்பியின் பலத்தை 1.15-ஆலும் வகுத்துக் குறைத்துக்கொள்ளணும். அதுக்கும் மேலே டிசைனர் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒரு கம்பி. டிராஃப்ட்ஸ்மேன் 'பக்கத்து பீமும் இதே மாதிரி போட்டுடலாம்' என்று ஒரு கம்பி. சைட்டில் மேஸ்திரி, "நான் இருபது வருசமா கட்டறனுங் மேடம், இது பத்தாதுங்" என்று ஒரு கம்பி. கடைசியில் கட்டடத்தில் பாதுகாப்புக்குப் போட்ட கம்பி எவ்வளவு, பயத்துக்குப் போட்ட கம்பி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

பயம் சும்மா வந்ததில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அடுத்த வாரம் எங்க ஆபீஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆளாளுக்குத் தங்கள் பழைய ஃபைலை எடுத்து மறுபடி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால் நான் சொல்வதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீங்க. குறைவாகப் போடுங்க என்பதில்லை பாயின்ட். தேவையான இடத்தில் தேவையானதைப் போடுங்க, தெரிந்து போடுங்க என்பதுதான். தேவையில்லாத இடத்தில் கொட்டிய கம்பி, தேவையான இடத்தில் போடாத கம்பிக்கு ஈடாகாது. எங்க சார் ரொம்பச் சுருக்கமாகச் சொல்வார். "அம்மிணி, பயமா இருந்தா இன்னொருக்கா கணக்குப் போடு. கம்பியப் போடாதே."

இதை லாரி பேக்கர் எப்பவோ செய்து காட்டிவிட்டார். இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007-ல் மறைந்த ஆர்க்கிடெக்ட். ஸ்லாபின் அடிப்பாகம் எடையால் இழுபடும். கான்கிரீட்டுக்கு இழுவையைத் தாங்கத் தெரியாது, அந்த வேலையைக் கம்பிதான் செய்யுது. அப்போ அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் கான்கிரீட் சும்மா இடத்தை அடைச்சிக்கிட்டு நிற்குது, இல்லையா? அந்த இடத்தில் பழைய ஓட்டை வச்சு அடைத்தார். 'ஃபில்லர் ஸ்லாப்'. சுவரில் செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவில் காற்றுக்கு இடம் விட்டார். 'ராட் ட்ராப்' கட்டுமானம். செங்கல் கால்வாசி மிச்சம், வீட்டுக்குள் சூடும் குறைவு. இதில் ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. 'இது இங்கே என்ன வேலை செய்யுது?' என்று ஒவ்வொரு செங்கலையும் கேட்டார், அவ்வளவுதான்.

பெரிய அண்ணன் என்ன செய்கிறார்?

உலகத்தில் பெரிய பெரிய கன்சல்டன்சிகள் இருக்கு. அதில் எங்க ஆபீஸில் அடிக்கடி அடிபடும் பெயர் 'ஆருப்'. ஆரம்பித்தவர் ஓவ் ஆருப். 1895-ல் பிறந்தவர். முதலில் தத்துவம் படித்துவிட்டு அப்புறம் இன்ஜினீயரிங்குக்கு வந்தவர் (நம்ம ஊரில் இது நடந்தால் வீட்டில் சோறு கிடைக்காது!). 1946-ல் லண்டனில் தனியாக ஆபீஸ் போட்டார். சிட்னி ஓபரா ஹவுஸ் படம் பார்த்திருப்பீங்க, பாய்மரம் விரித்த மாதிரி கூரை. 1957-ல் ஆர்க்கிடெக்ட் உட்சன் வரைந்தது. எப்படிக் கட்டுவது என்று வருஷக்கணக்கில் மண்டை காய்ந்தது. கடைசியில், எல்லாக் கூரையும் ஒரே உருண்டையிலிருந்து வெட்டிய துண்டுகளாக இருந்தால், ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வார்க்கலாம் என்று வழி பிறந்தது. 1973-ல் திறந்தார்கள்.

1970 ஜூலையில் ஓவ் ஆருப் தன் பார்ட்னர்கள் முன் ஒரு பேச்சு பேசினார். நாம எதுக்குச் சேர்ந்து வேலை செய்கிறோம், எப்படி வேலை செய்யணும், காசுக்கு மேல் என்ன வேணும் என்பதைப் பற்றி. அங்கே அதை இன்றைக்கும் வேதம் மாதிரி வச்சிருக்காங்க. அந்த கம்பெனிக்கு வெளியாள் பங்குதாரர்கள் கிடையாது. வேலை செய்கிறவர்களின் நலனுக்கான டிரஸ்டுகள்தான் உரிமையாளர்.

2021 நவம்பரில், கிளாஸ்கோ காலநிலை மாநாட்டை ஒட்டி, ஆருப் ரெண்டு விஷயம் அறிவித்தது. ஒன்று, 2022-லிருந்து புதுசோ பழசோ எல்லாக் கட்டட ப்ராஜெக்ட்டுக்கும், கட்டுவதிலிருந்து இடிப்பது வரைக்குமான கார்பன் கணக்கு போடுவோம். ரெண்டு, எண்ணெய், எரிவாயு எடுக்கிற, சுத்திகரிக்கிற, கொண்டுபோகிற புது வேலைகளை எடுக்க மாட்டோம். (அதே மாநாட்டில்தான் இந்தியாவும் 2070-க்குள் நிகர பூஜ்ஜியம் என்று சொன்னது.)

இதை எங்க சார் மீட்டிங்கில் சொன்னபோது, அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அக்கா ஒரு போடு போட்டாங்க. "அவங்களுக்கு ஆயிரக்கணக்குல ஆளு, ஊர் ஊரா ஆபீஸ். ஒரு வேலை போனா இன்னொண்ணு. நமக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் போடணுமுங்க சார். பேங்க்ல கார்பன் செக் வாங்க மாட்டாங்க." எல்லோரும் சிரித்தோம். ஆனா அக்கா சொன்னது ஜோக் இல்லை. பெரிய கம்பெனி 'மாட்டோம்' என்று சொன்னால் செய்தி. முப்பத்தி நாலு பேர் ஆபீஸ் சொன்னால் சம்பளம் போச்சு.

அது எப்படிப் போகும் என்பதை 2023-லேயே பார்த்தோம்.

ஒரு பள்ளிக்கூடத்தின் கதை

பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடம். இருபத்தெட்டு வருஷத்துப் பழைய மூணு மாடி பிளாக். நிர்வாகம் அதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டப் போவதாகச் சொன்னார்கள். டிசைன் எங்களுக்கு. அந்தச் சமயம் எங்க ரெண்டு ப்ராஜெக்ட் பாதியில் நின்றிருந்தது. இந்த ஒரு வேலை வந்தால் ஆறு மாசத்துக்கு மூச்சு விடலாம்.

இடிக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சார் டீமை அனுப்பினார். நானும் போனேன். பில்லரிலும் பீமிலும் சின்னச் சின்ன உருளையாக கான்கிரீட்டை வெட்டி எடுத்து லேபில் நசுக்கிப் பார்த்தோம். ஸ்கேனர் வைத்து உள்ளே கம்பி எங்கே, எவ்வளவு என்று பார்த்தோம். பாத்ரூம் பக்கம் தண்ணீர் கசிந்து நாலு பில்லரில் கம்பி துருப்பிடித்திருந்தது. சன்ஷேடுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. மற்றபடி கட்டடம் கல்லு மாதிரி இருந்தது. நாலு பில்லருக்கு வெளியே சட்டை போட்டாற்போல புது கான்கிரீட் கட்டி, சன்ஷேடை மாற்றி, பைப் லைனை வெளியே கொண்டு வந்துவிட்டால் இன்னும் பல வருஷம் பிள்ளைகள் படிக்கலாம். கூடுதல் வகுப்பறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிளாக் போதும்.

இப்போ சாருக்கு முன்னால் ரெண்டு ரிப்போர்ட். 'இடியுங்க' என்று எழுதினால் முழு ஃபீஸ். 'வேண்டாம், ரிப்பேர் போதும்' என்று எழுதினால் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. யாரும் கேட்கப் போவதில்லை. பழைய கட்டடத்தை இடிக்கச் சொன்ன இன்ஜினீயரை எந்தக் கோர்ட்டும் கூப்பிடாது.

ரெண்டு நாள் யோசித்துவிட்டு, ரெண்டாவது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

சினிமாவாக இருந்தால் நிர்வாகி கண் கலங்கி, "உங்க நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு" என்று மொத்த வேலையையும் கொடுத்திருப்பார். நடந்தது வேற. ரிப்போர்ட்டுக்கு நன்றி சொன்னார்கள். முழு ஆண்டு லீவில் வேறு கன்சல்டன்ட் வைத்துக் கட்டடத்தை இடித்தார்கள். எங்களுக்கு டெஸ்ட் செய்த செலவுதான் வந்தது. மூணு மாசம் சம்பளம் பாதிப் பாதியாக வந்தது. என்னோடு ஆறு வருஷம் வேலை பார்த்த பையன் பெங்களூருக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, வீட்டுக் கடன் இருந்தது.

நியாயம் ஜெயிக்கும் என்று உங்களுக்கு நான் ரீல் விடப் போவதில்லை. ஆனா அந்த மூணு மாசத்தில் எங்க சார் ஒரு காரியம் செய்தார். ஃபீஸ் பேசுகிற முறையை மாற்றினார். இப்போ எந்த வேலை வந்தாலும் முதல் கட்டம் தனி. 'என்ன இருக்கு, என்ன வேணும், எது வேண்டாம்?' இதற்கு ஒரு தனி ஃபீஸ், முன்பணமாக. அதற்கப்புறம் கட்டினாலும் இடித்தாலும் அவங்க இஷ்டம். சிலர் "யோசிக்கறதுக்கெல்லாம் காசாங்க?" என்று எழுந்து போய்விட்டார்கள். டாக்டர் 'ஆபரேஷன் தேவையில்லை' என்று சொன்னாலும் கன்சல்டிங் ஃபீஸ் கொடுக்கத்தானே செய்றோம்? அதைப் புரிந்துகொண்டவர்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வேலை வருது. சிலது இடிந்தது, சிலது பிழைத்தது.

இனிமேல் என்ன?

அடுத்த பத்து வருஷத்துக்கு எங்க ஆபீஸ் சுவரில் நாலு வரி ஒட்டி வச்சிருக்கோம்.

*முதலில் பழசு.* கோவையில் பழைய மில்கள் எத்தனை சும்மா நிற்குது! ரம்பப் பல் மாதிரி கூரை, வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி. வெயில் அதிகம் உள்ளே வராது, வெளிச்சம் வரும். கரன்ட் இல்லாமலே பகல் முழுக்க வேலை ஓட வேண்டும் என்று அன்றைக்கே யோசித்தவர்கள். அதை இடித்துவிட்டு மேற்குப் பார்த்து கண்ணாடிப் பெட்டி கட்டி, அதைக் குளிர வைக்க ஏ.சி. போடுவதா? குளிர் நாட்டில் வெயிலை உள்ளே பிடித்து வைக்கத்தான் கண்ணாடி. நமக்கு எதுக்கு?

*ஒவ்வொரு டிராயிங்கிலும் கணக்கு.* சதுர அடிக்கு எத்தனை கிலோ கம்பி, மொத்தம் எவ்வளவு கார்பன் என்று டிராயிங் மூலையில், கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதுகிறோம். பெரிய அண்ணனிடமிருந்து காப்பி அடித்தது இது ஒன்றுதான். யாரும் கேட்கவில்லை. ஆனா எழுதி வைத்தால் அடுத்த தடவை அதைவிடக் கூடுதலாக எழுதக் கை கூசும்.

*கட்டுவதில் ஆகும் கார்பன்.* 2004 ஜூலை 14 அன்று ஹைதராபாத்தில் சி.ஐ.ஐ. பசுமைக் கட்டட மையத்தை அப்துல் கலாம் திறந்து வைத்தார். அமெரிக்காவுக்கு வெளியே முதல் பிளாட்டினம் ரேட்டிங் வாங்கிய கட்டடம். அங்கிருந்து 2007-ல் வந்த மின்சிக்கனக் கட்டடச் சட்டவிதி, 2018-ல் வீடுகளுக்கு வந்த 'எகோ நிவாஸ் சம்ஹிதா' வரை, பேச்சு அதிகமும் கரன்ட்டைப் பற்றித்தான். அது வேணும். ஆனா கரன்ட் பில்லை நாளைக்கும் குறைக்கலாம், பல்பை மாற்றலாம், சோலார் போடலாம். கட்டும்போது போன கார்பனைத் திரும்ப வாங்க முடியாது.

*மேஸ்திரிக்கு மரியாதை.* சாம்பல் கலந்த கான்கிரீட்டுக்குப் பலம் மெதுவாக ஏறும். ஏழு நாளில் சாக்கை எடுத்துவிட்டுத் தண்ணி விடுவதை நிறுத்தினால் நாங்க போட்ட கணக்கெல்லாம் காலி. அதனால் டிராயிங்கை மெயிலில் அனுப்பிவிட்டு உட்காராமல், சைட்டுக்குப் போய் கம்பி கட்டுகிறவரோடும் தண்ணி விடுகிற அக்காவோடும் உட்கார்ந்து பேசுகிறோம். எங்களுக்குத் தெரியாத விஷயங்கள் அவங்களுக்குத் தெரியுது.

உங்களுக்கு ஒரு வார்த்தை

'சிவிலா? வேலை கிடைக்காதே!' என்று உங்களிடம் சொல்பவர்கள் இருப்பார்கள். உண்மையைச் சொல்றேன், ஆரம்பச் சம்பளம் ஐ.டி. நண்பனைவிடக் கம்மிதான். மறைக்கப் போவதில்லை. ஆனா பழைய கட்டடத்தைச் சோதிக்கத் தெரிந்தவர், கார்பன் கணக்கு போடத் தெரிந்தவர், குறைத்துப் போட்டும் நிற்க வைக்கத் தெரிந்தவர்... இந்த மூணும் தெரிந்த ஆளைத் தேடி நாங்க வருஷக்கணக்காகக் காத்திருக்கிறோம். ஆள் கிடைக்கலை பாஸ்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு முப்பது மாடிக் கட்டடத்தை சாஃப்ட்வேரில் டிசைன் பண்ணி பைண்டிங் போட வேண்டாம். அதை ஆயிரம் பேர் பண்ணியாச்சு. உங்க காலேஜ் பிளாக் ஒன்றை எடுங்க. டேப் வச்சு அளந்து பாருங்க. எத்தனை மூட்டை, எத்தனை டன் என்று கணக்குப் போடுங்க. எங்கே கம்பி வேலை செய்யுது, எங்கே சும்மா தூங்குது என்று எழுதுங்க. இருபது பக்கம் வந்தாலும் போதும். எந்த இன்டர்வியூவிலும் அதைப் புரட்டாமல் விட மாட்டார்கள்.

அப்புறம், இன்டர்வியூ முடியும்போது "ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்பார்கள் இல்லையா? சம்பளம், லீவு எல்லாம் கேளுங்க, உங்க உரிமை. கூடவே இதையும் கேளுங்க: "சார், உங்க ஆபீஸ் கடைசியா எந்த கிளையன்ட்கிட்ட 'இது வேண்டாம்'னு சொன்னீங்க?"

பதில் சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை வச்சே, அங்கே சேரலாமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணிடலாம்.